ஏடிவி ஓட்ட வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கரடுமுரடான தடங்களுக்கான நான்கு சக்கர வண்டியான ஏடிவியைப் புதிதாக ஓட்ட வருபவர்களோடு பல ஆண்டுகளாகக் காட்டுத் தடங்களில் போய் வருகிறேன். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. வண்டியின் பக்கத்தில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். இரண்டாவது பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் பாதிப் பதில்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஏடிவி என்றால் சரியாக எது? கூண்டு வைத்த சின்ன ஜீப் மாதிரி ஒன்று ஓடுகிறதே, அதுவும் ஏடிவிதானா?

குதிரைமேல் உட்காருவதைப்போல் இரு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கட்டை விரலால் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டுவது ஏடிவி. சில நாடுகளில் இதைக் குவாட் பைக் என்கிறார்கள். வட்ட ஸ்டீயரிங், அருகருகே இருக்கைகள், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு ஆகியவை இருந்தால் அது யுடிவி.

இரண்டும் ஒரே தடத்தில் ஓடலாம், ஆனால் கவிழும்போது விதி நேரெதிர். யுடிவியில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்; கையையோ காலையோ வெளியே நீட்டினால் கூண்டுக்கும் தரைக்கும் நடுவே நசுங்கும். ஏடிவியில் உங்களைச் சுற்றி எதுவும் இல்லை, ஆகையால் பெல்ட்டும் இல்லை; கவிழ்ந்தால் வண்டியை விட்டு விலக வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் ஏடிவிக்குத்தான்.

எனக்கு பைக் நன்றாக ஓட்ட வரும். நான்கு சக்கரம் என்றால் இன்னும் சுலபம்தானே?

நிற்கும்போது சுலபம். ஓடும்போது இது வேறு வண்டி. பைக் வளைவில் தானே சாய்ந்துகொள்ளும். ஏடிவி சாயாது. அது சாயாததால், சாய வேண்டியவர் நீங்கள். தோட்ட வேலைக்கும் தடத்துக்கும் பொதுவாகப் பயன்படும் ஏடிவி ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். அகலம் சுமார் 1.2 மீட்டர்தான். அந்தக் குறுகலான அடித்தளத்தின் உச்சியில், நகரக்கூடிய ஒரே எடையாக நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே வண்டி நிற்பதும் கவிழ்வதும்.

இன்னொன்றும் உண்டு. காரின் பின் அச்சில் டிஃபரன்ஷியல் இருப்பதால் வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுழலும். பல ஏடிவிகளில், முக்கியமாக விளையாட்டு வகையில், இரண்டு பின் சக்கரங்களும் ஒரே அச்சில் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வளைய வேண்டுமானால் உள்பக்கச் சக்கரம் சற்றே வழுக்கியாக வேண்டும். வழுக்காவிட்டால் வண்டி நேராகப் போகவே பார்க்கும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். போக வேண்டிய பக்கம் பாருங்கள். வெளிப்பக்கக் காலைக் கால்தாங்கியில் ஊன்றி, மேலுடம்பை வளைவின் உள்பக்கம் சாயுங்கள். திறந்த வெளியில் எட்டு போட்டு ஒரு மணி நேரம் பழகினால் உடம்பு பிடித்துக்கொள்ளும்.

பைக் ஓட்டிகளிடம் நான் பார்த்து அஞ்சுவது ஒரு பழக்கத்தைத்தான். வளைவில் வண்டி தடுமாறினால் கால் தானாகத் தரைக்குப் போகும். ஏடிவியில் அந்தக் காலுக்கு நேர் பின்னால் பின் சக்கரம் வருகிறது. அது பாதத்தைப் பிடித்து இழுத்துக் காலின்மேலேயே ஏறும். என்ன நடந்தாலும் இரண்டு பாதங்களும் கால்தாங்கியிலேயே இருக்கட்டும்.

பழைய படங்களில் மூன்று சக்கர வண்டி பார்த்திருக்கிறேன். அவை எங்கே போயின?

தொடக்கமே அவைதான். 1970-ல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய வண்டிக்கு மூன்று பெரிய பலூன் டயர்கள் இருந்தன. சுசூகி 1983 மாடலாக வெளியிட்ட குவாட்ரன்னர் எல்டி125 நான்கு சக்கரத்துக்கு வழி திறந்தது. முன்பக்கம் ஒரே சக்கரம் இருந்தால் வளைவிலும் சரிவிலும் மூலை வழியாகக் கவிழ்வது மிக எளிது. காயங்களும் சாவுகளும் பெருகவே, 1988-ல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி பெரிய உற்பத்தியாளர்கள் அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தினார்கள். 2008-ல் அங்கே சட்டமே அதைத் தடைசெய்தது.

பழையவை இன்னும் யார் கொட்டகையிலாவது இருக்கும். ஆசையாகத்தான் இருக்கும். அதில் ஓட்டக் கற்காதீர்கள்.

மெதுவாகத்தான் போகப் போகிறேன். ஹெல்மெட் அவசியமா?

அவசியம். வேகத்தால் விழுபவர்களைவிட, நடக்கிற வேகத்தில் ஒரு கல்லில் ஏறி, மேட்டில் தடுமாறி, பக்கவாட்டில் சாய்ந்து விழுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விழுகிற இடத்தில் பாறையும் வேரும் இருக்கும்; பின்னாலேயே 300 கிலோ வரும். இசிஇ 22.06, டாட், ஐஎஸ் 4151 போன்ற தரமுத்திரைகளில் உங்கள் நாட்டுக்கு உரியது இருக்கிறதா என்று பாருங்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

கண்ணாடி முகமூடி இல்லாத ஹெல்மெட் என்றால் காகிள்ஸ் வேண்டும். முன்னால் போகும் வண்டி எறியும் ஒரு சிறு கல் போதும், கண் போய்விடும். கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கை, முழுக்கால் உடை. தொங்கும் துணியும் அவிழ்ந்த நீள முடியும் அச்சில் சிக்கிக்கொள்ளும். உள்ளே செருகுங்கள் அல்லது இறுக்கிக் கட்டுங்கள்.

சீட் நீளமாகத்தானே இருக்கிறது, பின்னால் ஒருவரை ஏற்றினால் என்ன?

அந்த நீளம் உங்களுக்காக. ஏற்றத்தில் முன்னுக்கு நகரவும், இறக்கத்தில் பின்னுக்கு நகரவும் இடம் வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒருவர் பின்னால் உட்கார்ந்துவிட்டால் மேலே இரண்டாவது பதிலில் சொன்ன நகரும் எடை நகர முடியாமல் போகிறது. கூடவே, பின் அச்சுக்குப் பின்னால் பாரம் ஏறி முன்சக்கரம் லேசாகிறது. ஏற்றத்தில் வண்டி மல்லாக்கக் கவிழ அதுவே போதும். பின்னால் இருப்பவருக்கு வளைவு வருவதும் தெரியாது, எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதும் தெரியாது.

இருவர் போகவென்றே முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டி, தனி இருக்கையும் பிடிமானமும் வைத்துச் செய்த மாடல்கள் உண்டு. அவற்றில் ஏற்றலாம். எடை தாங்கும் பின் ரேக் ஒருபோதும் இருக்கை ஆகாது. குழந்தையை முன்னால் மடியில் வைத்து ஓட்டுவதும் அதே தவறுதான், இன்னும் மோசமான வடிவில்.

என் மகளுக்குப் பத்து வயது. துணிச்சல்காரி. என் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. துணிச்சல் இருப்பதால்தான் இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். பெரிய வண்டியைச் சமன்படுத்தும் எடை பத்து வயது உடம்பில் இல்லை. வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் பக்குவமும் அந்த வயதில் முழுமையாக வந்திருக்காது. அமெரிக்கத் தொழில் தரப்படி 6, 10, 12, 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தனித்தனிச் சிறுவர் வகைகள் உண்டு. முழு அளவு வண்டிகளுக்கு 16 வயது ஆக வேண்டும். வண்டியிலேயே அந்த எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கும்.

வயது சரியாக இருந்தாலும் உடம்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். கால்தாங்கியில் எழுந்து நின்றால் இருக்கைக்கும் உடம்புக்கும் இடையே 8 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பினாலும் இரண்டு கைகளும் எட்ட வேண்டும். விரல்களின் முதல் மூட்டாவது பிரேக் லிவரைத் தாண்ட வேண்டும். சிறுவர் வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு இருக்கும். முதலில் அதை நன்றாக இறுக்கி, திறமை கூடக் கூடத் தளர்த்துங்கள். அவள் ஓட்டும்போதெல்லாம் பார்வை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். இந்த நிபந்தனை பெற்றோருக்குத்தான் கடினமாக இருக்கிறது.

கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஸ்டார்ட் ஆனால் போதாதா?

டயரிலிருந்து தொடங்குங்கள். ஏடிவி டயரில் காற்றழுத்தம் மிகக் குறைவு, பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ வரை. கார் டயரில் 30-க்கு மேல் இருக்கும், ஆகவே காருக்கான அளவுமானி இங்கே உதவாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ளதை வாங்குங்கள். வண்டி ஓடிச் சூடாகும் முன் அளக்க வேண்டும். 4 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 6 இருந்தாலே வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். புதிதாக வருபவர்களின் "வண்டி சரியாக வளையவில்லை" என்ற புகார்களில் பாதி இதில்தான் தீர்கிறது.

பிறகு ஆக்சிலரேட்டர். அழுத்தி விட்டால் சட்டென்று தானாகத் திரும்ப வேண்டும்; ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டிலும் வைத்துப் பாருங்கள். பிரேக், விளக்கு, எண்ணெய், சக்கர நட்டு, செயின் தொய்வு. இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மணிக்கட்டில் மாட்டும் கயிறு இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் அது இன்ஜினை அணைத்துவிடும். பழகியவருக்கு இவை எல்லாவற்றுக்கும் ஐந்து நிமிடம் ஆகும்.

அடுத்த தடத்துக்குப் போக ஒரு கிலோமீட்டர் தார்ச் சாலைதான். ஓட்டிக்கொண்டே போய்விடலாமே?

பல இடங்களில் அது சட்டவிரோதம். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் நான் தவிர்ப்பேன். காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது: வளைய வேண்டுமானால் ஒரு சக்கரம் வழுக்க வேண்டும். மண்ணில் வழுக்கும். தாரில் அந்த மென்மையான டயர் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வண்டி வளைய மறுக்கும், அல்லது திடீரென்று பிடித்துக் கவிழ்க்கும். தவிர கார்களும் லாரிகளும் உங்களை எதிர்பார்த்து வருவதில்லை. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். சாலையைக் குறுக்கே கடக்க மட்டும் வேண்டியிருந்தால் முழுதாக நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து, செங்கோணத்தில் கடந்துவிடுங்கள்.

ஏற்றத்தில் பாதியிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது? எனக்கு அதுதான் பயம்.

நியாயமான பயம். முதலில், நிற்காமல் ஏறுவது எப்படி என்று பார்ப்போம். அடியிலேயே குறைந்த கியருக்கு மாறி, சீரான வேகத்தில் நேராக ஏறுங்கள். உடம்பை முன்னால் கொண்டுவாருங்கள், செங்குத்தானால் எழுந்து ஹேண்டில்பாருக்கு மேல் குனியுங்கள். நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்சக்கரம் எழும்பிவிடும். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் உச்சியில் வேகத்தைக் குறையுங்கள்.

வேகம் தேய்கிறது, ஆனால் இன்னும் பின்னால் உருளவில்லை என்றால் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, எடையை மேல்பக்கமே வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, மேட்டின் பக்கமாக இறங்குங்கள். வண்டி பின்னால் உருளத் தொடங்கிவிட்டால் பின் பிரேக்கை மட்டும் சட்டென்று அழுத்தாதீர்கள். வண்டி அந்தச் சக்கரத்தையே அச்சாகக் கொண்டு உங்கள் மேல் மல்லாக்க விழும். உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்து முன் பிரேக்கைப் படிப்படியாகப் பிடியுங்கள். முழுதாக நின்ற பிறகு பின் பிரேக். ஒன்றும் கைகொடுக்கவில்லை என்றால் மேட்டின் பக்கமாக உடனே இறங்கி விலகுங்கள். வண்டி உருண்டு போகட்டும். அதைப் பிடித்து நிறுத்த முயன்ற ஒருவரின் தோள்பட்டை பிசகியதை நேரில் பார்த்தேன். அவர் நல்ல பலசாலி.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே? பக்கச் சரிவில் குறுக்கே போவது எப்படி?

இறக்கத்தில் இன்ஜினின் இழுவையே உங்கள் முதல் பிரேக். நியூட்ரலில் போட்டால் அது போய்விடும். குறைந்த கியர், பின்னுக்கு நகர்ந்த உடம்பு, நேராக இறங்கும் பாதை, மெல்ல மெல்லப் பிடிக்கும் பிரேக். இவ்வளவுதான்.

குறுக்குச் சரிவு, ஏற்றம் இறக்கம் இரண்டையும்விட ஆபத்தானது. கூடுமானவரை தவிருங்கள். வேறு வழியில்லை என்றால் மிக மெதுவாக, மேட்டுப் பக்கம் முழுதாகச் சாய்ந்து போங்கள். மேல்பக்கச் சக்கரம் எழும்புவதுபோல் தோன்றினால், கீழே இடம் இருந்தால் முன்சக்கரத்தைப் பள்ளப் பக்கம் திருப்பி இறங்கிவிடுங்கள். இடம் இல்லையென்றால் மேட்டுப் பக்கமாக வண்டியை விட்டு இறங்குங்கள். பின் ரேக்கில் பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டியோ மருந்துத் தொட்டியோ இருந்தால் சரிவுக்கே போகாதீர்கள்; உள்ளே அலையும் திரவம் எடையைத் தவறான நேரத்தில் தவறான பக்கம் தள்ளும்.

கவிழ்வது உறுதி என்று தெரிந்தால் குதிக்கலாமா? பின்னால் வளைவான கம்பி பொருத்துகிறார்களே, அது உதவுமா?

விலக முடியுமானால் விலகுங்கள், வண்டி விழும் திசைக்கு எதிர்ப்பக்கமாக. அடிபடுவதைவிட அடியில் அகப்படுவதே கொடியது. நெஞ்சின் மேல் வண்டி உட்கார்ந்துவிட்டால் எலும்பு முறியாமலேயே மூச்சு விட முடியாமல் உயிர் போகலாம்; வேகமே இல்லாத விபத்திலும் இது நடக்கிறது. தனியாகப் போகாதீர்கள் என்று நான் மன்றாடுவதற்கு இதுவே முதல் காரணம்.

அந்தக் கம்பி, கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும்படி செய்வதற்காக. ஆஸ்திரேலியாவில் பண்ணை விபத்துகளில் ஏற்பட்ட சாவுகளைக் கண்டு, 2021 அக்டோபர் முதல் விற்கப்படும் பொதுப் பயன்பாட்டு குவாட் பைக்குகளில் இப்படிப்பட்ட பாதுகாப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். மெதுவாக ஓடும் வேலை வண்டிக்கு நான் பரிந்துரைக்கிறேன். ஹெல்மெட்டுக்கு அது மாற்று ஆகாது.

ஓடையைக் கடக்கும்போது எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

கால்தாங்கி நனையும் மட்டம்தான் பெரும்பாலான வண்டிகளுக்கு எல்லை. கையேட்டில் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே எல்லை. கலங்கிய நீரில் இறங்கும் முன் ஒரு கம்பால் ஆழம் பாருங்கள். அந்தக் கனத்த டயர்களில் காற்று இருப்பதால் ஆழத்தில் வண்டி மிதந்து பக்கவாட்டில் போய்விடும். கடப்பதற்கென்று குறித்த இடத்தில் மட்டும், கரைக்குச் செங்கோணத்தில், நிதானமாகப் போங்கள். ஓடையின் போக்கிலேயே ஓட்டிக்கொண்டு போவது மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகையை நாசமாக்கும்.

கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். நடுவில் இன்ஜின் நின்று உள்ளே தண்ணீர் போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் சுருங்காது, பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு வந்து பிரித்துப் பாருங்கள்.

தடத்தின் நடுவில் சேறு. ஓரமாகச் சுற்றிப் போனால் சேறும் கிளறப்படாது, வண்டியும் மாட்டாது. அதுதானே பொறுப்பான செயல்?

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காரியம்தான் தடங்களை அதிகமாகக் கெடுக்கிறது. நீங்கள் ஓரத்துப் புல்லை மிதித்துச் சுற்றினால், அடுத்தவருக்கு அது பாதையாகத் தெரிகிறது. அதுவும் சேறாகும். அவர் இன்னும் தள்ளிச் சுற்றுவார். இரண்டு மீட்டர் அகலத் தடம் ஒரே மழைக்காலத்தில் பத்து மீட்டர் சகதியாக விரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆழம் குறைவு, அடி கெட்டி என்று தெரிந்தால் நடுவிலேயே, சக்கரம் சுழன்று தோண்டாதபடி மெதுவாகப் போங்கள். அப்படிப் போக முடியாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

மழை பெய்து ஓரிரு நாள் வரை தடத்துக்கே போகாமல் இருப்பது இன்னும் மேல். ஈர மண்ணில் சக்கரம் பதித்த பள்ளம் அடுத்த மழையில் வாய்க்கால் ஆகிறது. வாய்க்கால் மேல் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. வறண்ட நிலம் தாங்கும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமிப் பாலைவனங்களில் மண்ணின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த கறுப்புப் பொருக்கு ஒன்று படர்ந்திருக்கிறது. மண் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு சக்கரம் ஏறினால் நொறுங்கும். மீண்டும் வளர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

வீடு திரும்பியதும் வண்டியைக் கழுவுங்கள், அடிப்பக்கம் உட்பட. ஒட்டியிருக்கும் சேற்றோடு களைவிதைகளும் அடுத்த காட்டுக்குப் பயணம் செய்கின்றன.

எதிரே குதிரைக்காரர்களோ நடப்பவர்களோ வந்தால் ஹாரன் அடிக்க வேண்டுமா?

குதிரையிடம் ஒருபோதும் கூடாது. கண்டவுடன் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சவாரி செய்பவரோடு பேசுங்கள். குதிரைக்கு நீங்கள் அறிமுகமில்லாத ஒரு விலங்கு. மனிதக் குரலைக் கேட்டால் அடங்கும். அவர் சைகை காட்டும்வரை கிளம்பாதீர்கள். நடப்பவர்களையும் மிதிவண்டிக்காரர்களையும் தூசி எழாத வேகத்தில் தாண்டுங்கள். குறுகலான ஏற்றத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால், மேலே ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிடுவது வழக்கம். நின்றால் மறுபடி ஏறுவது எவ்வளவு கடினம் என்று மேலே பார்த்தோம்.

சைலன்சரை மாற்றினால் இழுவை கூடும் என்கிறார்கள். மாற்றலாமா?

சத்தம் கூடும், அது உறுதி. இழுவையில் வரும் வித்தியாசம் தடத்தில் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் புகைக்குழாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில் 96 டெசிபல் என்பது எல்லை. தடங்களை மூடச் சொல்லி அருகில் வாழ்பவர்கள் தரும் முதல் காரணம் சத்தம்தான். ஒருவரின் சைலன்சருக்காக நூறு பேர் தடத்தை இழக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

சைலன்சருக்குள் தீப்பொறியைத் தடுக்கும் வலையும் இருக்கும். மலிவான மாற்றுக் குழாய்கள் பலவற்றில் அது இருக்காது. காய்ந்த காட்டில் அந்த வலை இல்லாத வண்டியை ஓட்டக் கூடாது.

உயரமான காய்ந்த புல்லில் நிறுத்தலாமா?

கூடாது. புகைக்குழாயின் சூடே புல்லைப் பற்றவைக்கும். குழாயைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் சருகையும், காய்ந்து ஒட்டிய சேற்றையும் ஓய்வெடுக்கும்போதெல்லாம் அகற்றுங்கள்.

தனியாகப் போனால்தான் மனசுக்கு அமைதி. அதில் என்ன தவறு?

அந்த அமைதி எனக்கும் பிடிக்கும். ஆனாலும் போவதில்லை. வண்டியின் அடியில் சிக்கியவரைத் தூக்க இன்னொருவர் வேண்டும், நிமிடங்களுக்குள் வேண்டும். கைபேசி சிக்னல் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி உதவியை வரவழைக்கும், வந்துசேர மணிக்கணக்காகும்.

குழுவாகப் போகும்போது வழி தெரிந்தவர் முன்னாலும், அனுபவம் உள்ள இன்னொருவர் கடைசியிலும் வரட்டும். ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும், உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்வரை நின்று காத்திருங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் யாரும் தொலைவதில்லை. முன் வண்டியின் தூசி அடங்கும் அளவு இடைவெளி விடுங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக்கொடுங்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு.

இரண்டு பீர்தான் குடித்தேன், இது சாலை இல்லையே?

ஓட்டாதீர்கள். உடம்பின் சமநிலையால் ஓடும் வண்டி இது, மது முதலில் கெடுப்பது அதைத்தான். குழுவில் ஒருவர் குடித்திருந்தால் அவர் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது நட்பை முறிக்காது. முறித்தாலும் பரவாயில்லை.

மாட்டிக்கொண்ட வண்டியை வின்ச்சால் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) இழுக்கும்போது கயிறு அறுந்தால் என்ன ஆகும்?

இழுவிசையில் இருக்கும் எஃகுக் கம்பி அறுந்தால் சாட்டையாய்த் திரும்பி வரும். எதிரே இருப்பவரைக் கொன்றுவிடக்கூடும். செயற்கை இழைக் கயிறு இலேசானது, அறுந்தாலும் அவ்வளவு விசையோடு அடிக்காது. எதுவாயிருந்தாலும் நடுவே ஒரு கனமான துணியையோ சட்டையையோ போர்த்துங்கள். கையுறை போடுங்கள். கயிற்றைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது. மற்றவர்கள் கயிற்றின் நீளத்துக்கும் மேல் தள்ளி நிற்கட்டும். மரத்தில் கட்டும்போது அகலமான பட்டை போடுங்கள். வெறும் கம்பி மரத்தின் தோலை அறுத்து மரத்தையே பட்டுப்போக வைக்கும். கொக்கியைக் கம்பியைச் சுற்றிக் கம்பியிலேயே மாட்டுவது கம்பியை நசுக்கும்.

மணல் குன்றுகளில் உயரமான கொடி கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்களே, அலங்காரமா?

உயிர்க்காப்பு. குன்றின் மறுபக்கத்திலிருந்து ஏறி வருபவருக்கு உங்கள் தலை தெரியும் முன் கொடி தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஒரிகன் மணல்மேடுகள் போன்ற இடங்களில் அது கட்டாயம். மணலில் காற்று வீசும் பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும்; நேற்று இருந்த உச்சி இன்று நகர்ந்திருக்கும். முழு வேகத்தில் ஏறித் தாண்டியவர்கள் அந்தரத்தில் போய் விழுகிறார்கள். உச்சியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, சற்றே பக்கவாட்டில் திருப்பி, எட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தடத்தை விட்டு ஒரு சக்கரச் சுவடு பிரிந்து போகிறது. யாரோ போயிருக்கிறார்கள், நாமும் போகலாமா?

சுவடு அனுமதி ஆகாது. வழிகாட்டிப் பலகையோ வரைபடமோ அதைத் தடம் என்று சொல்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், அது ஒருவர் செய்த தவறு. நீங்கள் போனால் இரண்டாவது சுவடு, ஐந்தாறு பேரில் அது பாதை. சேற்றைப் பற்றிச் சொன்ன அதே கதை. தனியார் நிலமாகவும் இருக்கலாம். மூடிய வேலிக்கதவைத் திறந்து போனால் மறுபடி மூடுவது உங்கள் கடமை, திறந்திருந்தால் அப்படியே விடுவதும் கடமை. வெளியேறிப் போய்விட்ட கால்நடைகளைத் தேடித்தருவது யாருக்கும் எளிதல்ல.

விழுந்த மரம் தடத்தை அடைத்துக் கிடக்கிறது. சுற்ற வழியில்லை, வந்த தூரமோ அதிகம். இப்போது என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் பலர் எல்லா விதியையும் மறக்கிறார்கள். களைப்பு, பசி, சாயும் பொழுது. மரத்தின் மேல் ஏற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். வழவழப்பான உருண்டை மரத்தில் முன்சக்கரம் ஏறியதும் பின்சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் சரியும். பள்ளப் பக்கம் சுற்றலாம் என்று தோன்றும். அது நாம் தவிர்க்கச் சொன்ன குறுக்குச் சரிவு. சிறு மரமாக இருந்து, தடத்தைப் பராமரிப்பவர்கள் அனுமதித்திருந்து, ரம்பமும் பழக்கமும் இருந்தால் வெட்டி ஓரமாக ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்புங்கள். தடத்தின் பொறுப்பாளரிடம் அன்றைக்கே தெரிவியுங்கள். கையிருப்பாக வைத்த மூன்றாவது பங்கு பெட்ரோல் இந்த மாலைக்காகத்தான்.